கண்ணாடிக்காரன் செய்யாத வேலை

அந்தப் படத்தின் பெயர் அன்று எனக்குத் தெரியாது. பெயர் வரும் பகுதியே கேசட்டில் இல்லை. யாரோ எங்கேயோ பதிவு செய்ததை இன்னொருவர் பதிவு செய்து, அதிலிருந்து மூன்றாவதாக ஒருவர் எடுத்து, கடைசியில் துபாயில் ஒரு கடையில் என் அண்ணன் கைக்கு வந்து சேர்ந்த கேசட் அது. திரையில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய கட்டிடமும், அதன் மேல் மழைபோல் இறங்கிய வெள்ளைக் கோடுகளும்தான்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி அவர்கள் வீடு. எழுபதுகளின் கடைசியில், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு முதல் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு கலர் டிவியையும் ஒரு வீடியோ டெக்கையும் பம்பாயிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அப்போது டிவி நிலையம் எதுவும் எட்டாது. அதனால் அந்தப் பெட்டி கேசட் போட்டால் மட்டும்தான் உயிர் பெறும். அவரிடம் இருந்தவை மூன்று கேசட்டுகள். இரண்டை ஊரே பார்த்துத் தீர்த்திருந்தது. மூன்றாவதுதான் இந்த இங்கிலீஷ் படம்.

நான் அப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கோயம்புத்தூரில் கான்வென்டில் படித்தவள் என்பதால், சுற்று வட்டாரத்தில் இங்கிலீஷ் என்றால் நான்தான். பெயர்ப்பலகையில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள், மருந்துச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். உண்மையில் எனக்குத் தெரிந்தது டைப் அடிக்கிற இங்கிலீஷ். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிகிற இங்கிலீஷ். வெள்ளைக்காரன் வாயைத் திறந்து பேசினால் பத்தில் மூன்று வார்த்தை காதில் விழும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டார். எங்கள் தொழிற்சாலை ஆட்களே பதினைந்து பேர் இருந்தார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் முன்வரிசையில் நாற்காலி. ஸ்டோர் கீப்பரும் வந்திருந்தார். அவர் எங்கள் பக்கத்துக்காரர் அல்ல. தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். மனைவியையும் மகளையும் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் விட்டுவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தார். தடித்த கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். கடைசியில் கதவோரம் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியதும் உருவம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அண்ணன் வெளியே ஓடி, "மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கப்பா, கரண்டு இழுக்குது" என்று பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினார். மோட்டார் நின்றது. படமும் ஒருவாறு ஆடாமல் நின்றது. ஆனால் முகங்கள் தெளியவில்லை. சிவப்பு நிறம் மட்டும் எல்லை மீறி வழிந்து, டை கட்டிய ஒவ்வொருவரும் வெற்றிலை எச்சிலை மார்பில் துப்பிக்கொண்டவர்கள் போல் இருந்தார்கள். கீழே அரபி எழுத்துகள் ஓடின. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மிணி, நீ முன்னால வந்து உக்காரு. என்ன பேசறாங்கன்னு சொல்லு" என்றார் அண்ணன். பிறகு எல்லோரையும் பார்த்து, "நம்ம தங்கச்சி இருக்கறப்ப நமக்கென்னங்க கவல?" என்றார்.

நான் டிவிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்தபோது இருந்த பெருமையை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியாது.

கதை ஒரு பெரிய கம்பெனியைப் பற்றியது. இல்லாத ஒரு தொழிலைக் காட்டி இன்னொரு கம்பெனியை ஏமாற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு மட்டும் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, பலகை மாட்டி, மேஜை போட்டு, வேலைக்காரர்கள்போல ஆட்களை உட்கார வைக்கிறார்கள். மேஜைமேல் தொலைபேசிகள். ஒருவன் கீழே குனிய, அந்த ஒயர்கள் எதிலும் சேராமல் தரையில் கிடப்பது தெரிகிறது. அதை யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. வீடு முழுக்கச் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் பேச்சு கூடியது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஒருவனுடைய கண்ணாடி மட்டும் வெளிச்சம் பட்டு மின்னியது.

"இவன் யாரு அம்மிணி?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் சொன்னேன்: "இவன்தானுங்க உள்ளுக்குள்ள இருந்து எல்லாத்தையும் காட்டிக் குடுக்கறவன். கம்பெனில கணக்குப் பாக்கறவன்."

"அப்படிப் போடு!" என்றார் அவர்.

அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தப்பு தெரிந்தது. கண்ணாடி போட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் முதலாளியோடு காரில் போகிறவன், இன்னொருவன் கையில் பைல் தூக்குகிறவன். படம் தேய்ந்திருந்ததால் இருவரையும் ஒருவனாக்கிவிட்டேன். அப்போதாவது "கொஞ்சம் இருங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றிருக்கலாம். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சொல்லைக் கேட்டுத்தான் சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். நான் சொன்ன தப்புக்குப் பொருந்துகிற மாதிரி மிச்சக் கதையை நானே கட்டத் தொடங்கினேன்.

ஒரு காட்சியில் பைல் தூக்குகிறவன் ஓர் அறையில் அட்டைப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறான். சில பெட்டிகள் காலி. அவன் ஏதோ முணுமுணுக்கிறான். கோடுகள் ஏறி ஏறி இறங்கின. ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

"என்ன பண்றான்?"

"முன்வரிசைல சரக்கு இருக்கற பெட்டிய வெச்சுட்டு, பின்னால காலிப் பெட்டியா அடுக்கி வெச்சிருக்கானுங்க. எல்லாம் நெறைஞ்சிருக்குன்னு கையெழுத்துப் போடறான். சரக்கு வெளிய போயிருச்சு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அப்படி ஒரு தந்திரம் அந்தப் படத்தில் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அது என் வாயிலிருந்து வந்தது. தொழிற்சாலையில் தினமும் பெட்டிகளைப் பார்த்தவள் வாயிலிருந்து வேறென்ன வரும்?

பின்னாலிருந்து ஒரு பையன், "நம்ம ஸ்டோர்க்காரர் மாதிரியே இருக்கானுங்க!" என்றான். எல்லோரும் திரும்பிக் கதவோரம் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நான் அவ்வளவு கலரா இல்லப்பா" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் அவருக்குக் 'கண்ணாடிக்காரன்' என்று பெயர். யாராவது டீக்கடையில் காசு கொடுக்காமல் நழுவினால் 'கண்ணாடிக்காரன் வேலை'. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசியது. கூடவே, நான் சொன்னது இப்படி ஊரெல்லாம் நிற்கிறதே என்று உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று வாரம் போயிருக்கும். ஸ்டோரில் இருப்புச் சரிபார்த்தார்கள். பேரிங் வைக்கிற அலமாரியில் பின்வரிசைப் பெட்டிகளில் சில லேசாக இருக்கவே, பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே காகிதம் மட்டும். எல்லாம் வந்து இறங்கியதாக ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் மேனேஜர் அறைக்கு வெளியே என் மேஜையில் இருந்தேன். சூப்பர்வைசர் உள்ளே போய்ச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அன்னைக்கு அந்தம்மிணி படத்துல சொன்னாப்பலயே இருக்குதுங்க சார். முன்னால சரக்கு, பின்னால காலி. அப்படியே இருக்குதுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்புச் சத்தம் இல்லை.

போலீசுக்குப் போகவில்லை. பெயர் கெட வேண்டாம், நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை நான்கு மணி இருக்கும். அவர் ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிய ராஜினாமாவோடு என் மேஜைக்கு வந்தார். அதை இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும்.

நான் தாளை வாங்கி இயந்திரத்தில் காகிதம் செருகினேன். அவர் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்ணா."

"அந்தப் படத்துல நெசமாவே அப்படித்தான் வந்துச்சா? முன்னால சரக்கு, பின்னால காலின்னு? நான் அந்தப் படத்தப் பாத்துத்தான் படிச்சிக்கிட்டேன்னு சொல்லுதாவ. அப்படியொண்ணு அதுல இல்லன்னா, அத நீங்க மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெட்டியப் பிரிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்புதான். ஆனா எடுக்கல தங்கச்சி."

அவர் என்னைக் கெஞ்சவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவருடைய கேள்வி அது. நான் இல்லை என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அண்ணனுக்கு முகம் போகும். ஊருக்கெல்லாம் நான் பொய்க்காரி. இந்த மேஜையில் உட்கார்ந்து மேனேஜருக்குக் கடிதம் எழுதுகிறவளுக்கு இங்கிலீஷே புரியாது என்று பேச்சு வரும். இவ்வளவும் அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியது. அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"ஆமாங்ணா," என்றேன். "அப்படித்தான் வந்துச்சு."

அவர் தலையாட்டினார். "சரி தங்கச்சி. நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

நான் கடிதத்தை டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை அவர் அறையைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து, அந்தப் பேரிங் பெட்டிகளை அனுப்பிய அதே இடத்திலிருந்து அடுத்த லோடு வந்தது. வாளையாறு செக்போஸ்ட் தாண்டி லாரி நேரே எங்கள் வாசலுக்கு வந்து, ஒட்டிய சீல் உடையாமல் இறங்கிய சரக்கு. புதிய ஸ்டோர் கீப்பர் எச்சரிக்கையானவர், எல்லோர் முன்னாலும் பிரித்தார். அடியில் இருந்த பெட்டிகளில் காகிதம் மட்டும் இருந்தது. அனுப்புகிற இடத்திலேயே யாரோ செய்த வேலை.

சூப்பர்வைசர் பெட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்று முழுக்க யாரும் அந்தப் பழைய மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நான் ஒரு மாதம் காத்திருந்தேன். அப்படி ஒரு கடிதம் என் மேஜைக்கு வரவே இல்லை. புது ஆள் ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

மூணாறு ஆஸ்பத்திரியில் என்னோடு படித்த ஒருத்தி நர்ஸ் வேலையில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டை போய், மலை பஸ் பிடித்தேன். மறுநாள் ஞாயிறு. தேவிகுளத்தில் இறங்கி விசாரித்து, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏ, யாரு வந்துருக்கா பாரு! எங்க ஆபீசுல டைப் அடிக்கும்லா, இங்கிலீசு தங்கச்சி!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அந்தம்மா பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். அந்தம்மா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது பேச்சில் தெரிந்தது. 'கம்பெனியில ஏதோ சொல்லி அனுப்பிட்டாங்களாம்' என்று எஸ்டேட் வரைக்கும் பேச்சு வந்துவிட்டதால், எந்த ஆபீஸிலும் கணவரைச் சேர்க்கவில்லை. மண் வெட்டப் போய்க்கொண்டிருந்தார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அடுத்த லோடில் வந்த காலிப் பெட்டிகளைப் பற்றி முதலில் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். மனைவி "நான் சொன்னம்லா, சாமி இருக்குன்னு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல செய்தி கொண்டு வந்தவளாகவே திரும்பியிருப்பேன்.

"இன்னொண்ணும் இருக்குதுங்ணா. அந்தப் படத்துல அப்படி ஒண்ணும் வரலீங்க. எனக்கு அந்த இங்கிலீஷ் புரியல. படமும் சரியாத் தெரியல. நானாச் சொன்னது."

அவர் என்னைப் பார்த்தார். "நான் கேட்டப்ப?"

"கேட்டப்பவும் பொய்தான் சொன்னனுங்க."

மனைவிதான் முதலில் பேசினார். "எதுக்கு இப்ப வந்து சொல்லுதீய? ஒங்க மனசு லேசாகணும்னா?" அது சரியான கேள்வி.

அவர் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காததைக் கேட்டார். "அப்ப அந்தக் கண்ணாடிக்காரன் யாரு? கடைசில அவன் என்ன ஆனான்?"

"தெரியலீங்ணா."

"தெரியாதா?"

"நெசமாவே தெரியாதுங்க. கோடு கோடா ஓடுச்சு. ஒண்ணும் பிடிபடல."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு வராத கோபம் இதற்கு வந்தது. எழுந்து விறகைப் பிளக்கப் போனார். நான்கைந்து வெட்டு வெட்டிவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "மேனேஜர்ட்ட எழுதி வாங்கி அனுப்புங்க. நான் எடுக்கலன்னு. இங்கிலீசுல. அது புரியும்லா ஒங்களுக்கு?"

திங்கட்கிழமை காலை மேனேஜர் முன் நின்றேன். அவர் ஒற்றப்பாலத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். முழுக்கச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"ஒரு சினிமாக் கதை கேட்டிட்டு ஞான் ஒரு ஆளை வேலையை விட்டுப் பறஞ்சு விடுமோ, குட்டி? கையெழுத்து அவனோடதல்லே?"

நான் நகரவில்லை. அவர் பேனாவை மூடினார், திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சூப்பர்வைசர் அது பறஞ்சப்போ ஞானும் சிரிச்சதாணு. சிரிச்சதுக்கு அப்புறம் வேற ஒண்ணும் விசாரிக்கலை" என்றார். பிறகு, "அடிச்சுக் கொண்டு வா. ஞான் கையெழுத்துப் போடாம்" என்றார்.

பழைய ஸ்டோர் கீப்பர் களவு எதிலும் சம்பந்தப்பட்டவர் அல்ல, இங்கே இருந்த இரண்டு வருடமும் நேர்மையாக வேலை செய்தார் என்று டைப் அடித்தேன். மேனேஜர் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது, அதில் அவர் கையெழுத்து மட்டும். அந்த வருடமே பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் அவருக்கு வேலை கிடைத்ததாக நர்ஸ் தோழி எழுதினாள். அவர் மகளைத் தேவிகுளம் பள்ளிக்கூடத்தில் பார்த்தாளாம்.

அண்ணனிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீ சும்மா இரு அம்மிணி, நான்தான் கூட இருந்து பாத்தனே" என்றார். தொழிற்சாலையிலும் எத்தனையோ பேரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். 'கண்ணாடிக்காரன் வேலை' மட்டும் போகவில்லை. நான் கல்யாணமாகி வேலையை விட்ட பிறகு, பல வருடம் கழித்து, கஞ்சிக்கோடு பஸ்ஸில் மீசைகூட முளைக்காத ஒரு தொழிலாளி இன்னொருவனிடம் அதைச் சொல்லிச் சிரித்தான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மருமகன் வீட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டார்கள். துடைத்துப் புதுப்பித்த பிரதியாம். கோட்டின் நூல்கூடத் தெரிந்தது. கீழே பேச்சு இங்கிலீஷ் எழுத்தாகவும் ஓடியது. எங்கும் சேராத அந்தத் தொலைபேசி ஒயர்கள் வந்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தேன்.

பைல் தூக்குகிற கண்ணாடிக்காரன் திருடனும் இல்லை, திருடனைப் பிடிப்பவனும் இல்லை. மொத்தப் படத்திலும் அவனுக்கு நான்கு வசனம். அந்த மாடியைக் காலி செய்கிற நேரத்தில் சாமான் கட்டுவதற்குப் பெட்டி தேடுகிறான், அதனால் சில காலியாக இருக்கின்றன. "இது போதாது" என்று முணுமுணுக்கிறான். பிறகு கதை வேறெங்கோ போய்விடுகிறது, அவன் திரும்ப வருவதே இல்லை.

அந்த ஸ்டோர் கீப்பர் இன்னும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் தோழியைக் கேட்டால் விலாசம் கிடைக்கும். அன்று அவர் கோபப்பட்டுக் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டு முறை காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அவன் யாருமே இல்லை என்பதை அவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் எழுதவில்லை.